லாக் புத்தகத்தில் ஒரு கையெழுத்து

பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், நலமில்லை என்று எழுதினால் பயந்துவிடுவாய். அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே, வரி ஏன் மலை ஏறி இறங்குகிறது என்று பார்ப்பாய். தடித்த பேனாவால், அட்டையில் வரி அகலத்துக்குப் பிளவு வெட்டி, அதைத் தாள் மேல் வைத்து எழுதுகிறேன். உன் அம்மா தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். விஷயத்தில் பாதி என் எழுத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரியட்டும்.

நீ அன்று பேசியது தப்புத்தான். அதில் எனக்கு மாற்றமில்லை. சாப்பாடு கொடுக்க ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்கு வந்தவள், பாய்லர் அறையில் எல்லாரும் நிற்கும்போது, "அப்பா, குழாயில தண்ணி எங்க நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியல. விரலால தடவிப் பாக்குறீங்க" என்று உரக்கச் சொன்னாய். இருபத்தாறு வருடம் நான் நின்ற இடம் அது. வீட்டுக்கு வந்து காதோடு சொல்லியிருக்கலாம். இனி என் வாசலை மிதிக்காதே என்று நான் சொன்னதும் தப்புத்தான். இரண்டையும் எழுதிவிட்டேன். "எழுதுறதுதான் எழுதுறீங்க, மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை எழுதினா பேனா உடைஞ்சா போயிடும்?" என்று அம்மா பக்கத்தில் நின்று கேட்கிறாள். உடையாது. மேலே சொல்கிறேன்.

நான் அங்கே உதவியாளாகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன முன்னட்டை கிழிந்த புத்தகம் ஒன்றுதான் எனக்கு வாத்தியார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். பாய்லரைப் பற்ற வைத்து ஆவி ஏற்றுவது, இறக்குவது, கழுவுவது எல்லாம் நான். ஆனால் அன்றாடம் பாய்லர் கணக்கு எழுதும் லாக் புத்தகத்தில் ஒரு நாளும் என் கையெழுத்து இல்லை. பாய்லர் ஓட்டும் சர்டிஃபிகேட் உள்ளவன்தான் போட வேண்டும். காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் அந்தப் பையனுக்கு உன் வயதுதான். நல்லவன்தான். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

அந்தச் சர்டிஃபிகேட்டுக்காக ஆறு தடவை பரீட்சைக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் நாலு தடவை தோற்றேன். வாய்மொழித் தேர்வில் இரண்டு தடவை, அதில் ஒன்று இரண்டே மதிப்பெண்ணில். "அறுபது ஆகப்போகுது. இனி அந்தக் காகிதத்தை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று அம்மா கேட்பாள். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஒரே ஒரு ஷிஃப்ட்டுக்கு, ஒரே ஒரு பக்கத்தில் என் கையெழுத்து வேண்டும். வேறு ஒன்றும் பண்ணப் போவதில்லை.

ஏழாவது தடவை போன மாதம் போனேன். எழுத்திலும் வாய்மொழியிலும் தேறிவிட்டேன். கேள்வித்தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை. வாய்மொழியில் நான் சொன்ன ஒரு பதிலை அந்த அதிகாரி தன் நோட்டில் குறித்துக்கொண்டார். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

இனி சொல்லப்போவதை உன் அம்மாவுக்குக்கூட நான்கு நாள் சொல்லவில்லை.

மற்ற தடவையெல்லாம் கண் பரிசோதனைதான் முதலில் நடக்கும். சுவரில் எண்கள் எழுதிய பலகை ஒன்று. ஐந்தாம் தடவை பாதியைப் பார்த்துச் சொன்னேன், பாதியை நினைவிலிருந்து. ஆறாம் தடவை முழுவதும் நினைவுதான். இந்த வருடம் முறையை மாற்றி, கண்ணைக் கடைசியில் வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். நான்கு. ஏழு, இரண்டு. ஒன்பது, மூன்று, ஐந்து. கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். தடுமாறவே இல்லை. அவள் கிட்டே வந்து, "ஐயா, எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. ஆனா அந்தப் பலகையப் போன வருஷமே மாத்தியாச்சு. இப்ப இருக்கிறதுல எண்ணே இல்ல, வளையம்தான் இருக்கு" என்றாள்.

அவள் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தாள்.

வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்றாள். இடது கண்ணில் உள் அழுத்தமாம். பாதிப் பார்வை போய்விட்டதாம். "போனது போனதுதான் ஐயா, இருக்கிறதக் காப்பாத்தலாம். ஒரு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

மறுநாளும் வேலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. கால் தானாகப் போயிற்று. பாய்லரின் கேஜ் கிளாஸில், தண்ணீர் மட்டம் காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாயில், ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் உச்சிவரை நிறைந்திருந்தாலும் ஒன்றுமே இல்லாமல் போனாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். நல்ல கண் உள்ளவனும் கீழ் வால்வைத் திறந்து, தண்ணீர் வருகிறதா ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இவ்வளவு நாளும் அதைக் காதால் தெரிந்துகொண்டிருந்தேன். அன்று பக்கத்துக் கூடத்தில் புதிதாக வந்த பிழியும் இயந்திரங்களை ஓட்டிப் பார்த்தார்கள். சுவரே அதிர்ந்தது. வால்வைத் திறந்தேன். ஒரு சத்தமும் பிரிந்து கேட்கவில்லை. கையை நீட்டினேன், சூடு. இரண்டும் சூடுதானே. தண்ணீர் குறைந்தால் தானாகத் தீயை அணைக்க வேண்டிய கருவி கெட்டு ஒரு வருடமாகிறது. நான் எழுதிக் கொடுத்தும் யாரும் மாற்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு பெண்கள் துணி மடிக்கிறார்கள். ஒருத்தி மாசமாக இருக்கிறாள்.

தீயை அணைத்தேன். அந்தப் பையனிடம் போய், "தம்பி, தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு" என்றேன். "என்ன பெரியவரே, எனக்கே பரீட்சையா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான். திரும்பி வந்தபோது குரலில் சிரிப்பு இல்லை. "தண்ணியே இல்ல பெரியவரே" என்றான். பம்பைப் போட ஓடியவனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கும் என்று அந்தக் கிழிந்த புத்தகத்தில் இருக்கிறது. ஆற விட்டோம். மூன்று மணி நேரம் வேலை நின்றது. அந்தப் பதினான்கு பேரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, பாதி நாள் லீவு கிடைத்ததுபோல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கழிவறையில் போய் நின்றேன். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலமே கண்காணிப்பாளரிடம் போய் எனக்குக் கண் தெரியவில்லை என்று நானாகவே சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று வருடமாக என்றேன். இப்போது என்னைத் துணி மடிக்கப் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கண் வேண்டாம். மாசமாக இருக்கிறவள், "தாத்தா மடிச்சா ஓரம் ஓரத்தோட சேருது" என்கிறாள்.

விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனைக்கு வரலாம் என்று டாக்டரம்மா படிவத்தில் எழுதித் தந்திருக்கிறாள். ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் போதும் என்று விதியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நானே முன்பு படித்திருக்கிறேன், யாருக்கோ என்று நினைத்து. அடுத்த மாதம் பதினேழாம் தேதி வலது கண்ணில் ஆபரேஷன். தேறக்கூடிய ஒரே கண்ணையும் கத்திக்குக் கொடுக்கிறேன். சரியாக வரவில்லை என்றால் கையெழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ மூன்றாம் தடவையும் கணக்கில் தோற்று அழுதபோது புத்தகத்தை மூட விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல?

பேத்தியின் படத்தை அம்மா போனில் காட்டினாள். உன்னை மாதிரியே இருக்கிறாள் என்று சொன்னேன். அதுவும் நினைவிலிருந்து ஒப்பித்ததுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம், தினம் நாலு வேளை சொட்டு மருந்து விட வேண்டுமாம். அம்மாவின் கை நடுங்குகிறது. தண்ணீரை வைத்துப் பழகிப் பார்த்தோம். ஒரு சொட்டு கண்ணில், மூன்று சொட்டு காதில். அதற்காகத்தான் கேட்கிறேன். வேலையில் விடுப்புத் தருவார்களா என்று தெரியாது. ஒரு வாரம் என்றாலும் போதும். குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா. மன்னித்துக்கொள் என்று அம்மா எழுதச் சொன்ன இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பதினேழுக்கு முன்பே வந்தால் ஒன்று செய். நான் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். உன் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன், எழுந்திருக்க மாட்டேன். கோபம் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. நீதான் என்று எனக்குத் தெரியாது. அப்பா என்று குரல் கொடு.

நீ நன்றாக இரு,
உன் அப்பா