வடிவுக்குச் சுட்ட முருங்கை ரொட்டி

தென்காசி
சுபானு வருஷம் ஆவணி 12

சிரஞ்சீவி ஆவுடையப்பனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கன நான், உன் பெண்டாட்டி குழல்வாய்மொழி, பிள்ளை வடிவு மூணு பேரும் காசி விசுவநாதர் புண்ணியத்துல நல்லாருக்கோம். பட்டாளத்துல நீ எந்த ஊர்ல இருக்கேன்னுகூட எழுதக்கூடாதுங்காவ, அதனால எந்தத் திசையைப் பாத்துக் கும்பிடன்னு தெரியாம நாலு திசையும் கும்பிட்டுக்கிடுதேன். கார்ப்பயிர் மோசமில்ல. ஒரு சங்கதியை உனக்கு எழுதாம மறைச்சுட்டேன். பயந்துராத, பிள்ளைக்கு இப்பக் கண்ணு தெளிஞ்சுட்டு.

ஆனியில சாரல் விழுந்ததும் வடிவைக் குற்றாலத்துக்கு வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போனேன். குளிச்சுக் கெளம்பும்போது பொழுது அடைஞ்சுட்டு. தூக்குச்சட்டியக் கைல குடுத்து முன்னால போ புள்ளேன்னேன், நாலடி நடந்தவ யாரோ ஒரு ஆச்சி மேல போய் முட்டிச் சட்டியும் போச்சு, சோறும் போச்சு. அத்தனை கூட்டத்துக்கு நடுவுல கன்னத்துல ஒண்ணு வச்சேன். தெரியல தாத்தான்னா. பொய் வேற சொல்லுதியான்னு இன்னொண்ணும் வச்சேன். என் கோவம் உனக்குத் தெரியாததா.

அப்புறம் ஒருநா விளக்கு வைக்கிற நேரம் தட்டைத் தேடித் தரையைத் தடவிக்கிட்டு இருந்தா. மறுநா விடிஞ்சதும் டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டர் பாத்துட்டு இது மாலைக்கண், இப்படியே விட்டா பகல்லயும் தெரியாமப் போயிரும்னாரு. மீனெண்ணெய் குடுங்கன்னாரு, சைவ வீட்டுல அது ஆவாதுன்னுட்டேன். அப்பம் தெனம் கீரையாவது குடுங்கன்னாரு. இவளானா கீரையைக் கண்டாலே ஓங்கரிக்கா, மூக்கைப் பிடிச்சு ஊட்டினாலும் அப்படியே துப்பிருதா. ரொட்டிக்கடை அப்துல் ஜப்பார் கேள்விப்பட்டு வந்து, கீரையை மாவுல பிசைஞ்சு குடுங்க அண்ணாச்சி, ரொட்டி சுட்ட அடுப்புத் தணல்ல மொறுமொறுன்னு வச்சு எடுத்துத் தாரேன், பிள்ளை தின்னுரும்னாரு. சாயபு அடுப்புல வெந்தது நம்ம வீட்டுக்குள்ள எப்படி வரும்னு நான் வேற பேச்சுப் பேசி அவரை அனுப்பிட்டேன். பன்னெண்டு நாள் போச்சுலே. வீட்டுத் தோசைக்கல்லுல சுட்டுப் பாத்தா வெளிய கரியுது, உள்ள பச்சை மாவு. என் முன்னால நின்னு பேசாத குழல்வாய்மொழி கதவு மறைவுல நின்னு, மாமா, பிள்ளை கண்ணைவிட ஆசாரம் பெருசான்னு கேட்டுட்டா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம்போல இருந்துச்சு.

மறுநாள் நானே தட்டைச் சுமந்துக்கிட்டு ஜப்பார் கடைக்குப் போனேன். முருங்கைக்கீரையை உருவி அலசி, பொடுசா அரிஞ்சு நல்லெண்ணெயில வதக்கி, கேப்பை மாவு, எள்ளு, கருப்பட்டிப் பாகு போட்டுக் கெட்டியாப் பிசைஞ்சு வில்லை வில்லையாத் தட்டித் தருவா உன் பெண்டாட்டி. கை படாமலே வைக்கேன் அண்ணாச்சின்னு அந்த மனுசன் நீளக் கரண்டியால தள்ளுதாரு. அதைப் பாத்து எனக்குத்தான் கூசுச்சு, நாலாம் நாள் அவர் கையாலயே வாங்கிட்டேன். வடிவு கடுக்கு கடுக்குன்னு கடிச்சுத் தின்னுட்டு இன்னும் குடுங்கா. ஒரு மாசத்துல அந்தியில தெருவுல ஓடுதா.

ஆனா ஒண்ணு சொல்லணும்லே. நான் வயல்லருந்து இருட்டுற நேரம் வாரேன். தெருக்கோடியில என் தலையைப் பாத்ததும் பிள்ளை வெளையாட்டை விட்டுட்டு ஓடிப்போய் அம்மா சேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிடுதா. அம்புட்டு தூரத்துலருந்தே என்னைத் தெரியுது அவளுக்கு.

குளிர்ல காதை மூடிக்கோ, பட்டினி கெடக்காத. மகமாயி உன்னைக் காத்துக் கொண்டாந்து சேக்கணும். அடுத்த கடுதாசியில வடிவுக்குன்னு தனியா ரெண்டு வரி எழுது. தாத்தா தெரியாம அடிச்சுட்டாருன்னு எழுது. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா.

உன் அப்பன்
சங்கரபாண்டி