மஞ்சக்காரி கோடு தாண்டமாட்டாள்

கணபதி, கோவை
ஞாயிறு காலை

அன்புள்ள புவனாவுக்கு,

நான் நலம். நீயும் வயிற்றில் இருக்கும் நம் ஆளும் நலமா? போனில் பேசினால் கத்துகிறேன் என்று கட் செய்துவிடுகிறாய். காகிதம் கத்தாது. முழுசாகப் படி.

மழைக்கு டீசல் வண்டியை நீ வேலை பார்க்கும் பேக்கிங் ஷெட்டுக்குள் விட்ட அன்று உனக்குத் தலை சுற்றியது. மறுநாள் மேட்டுப்பாளையத்துக்கு, உன் அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறும்போது கேட்டாய்: "ஏனுங்க, உங்க மஞ்சக்காரி இனி உள்ள வருவாளா, மாட்டாளா? அதைச் சொல்லுங்க, அப்பறம் நான் வாரதப் பத்திப் பேசலாம்." சுமை தூக்கும் அந்த மஞ்சள் டீசல் ஃபோர்க்லிஃப்டுக்கு நீ வைத்த அந்தப் பெயர் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. டிரைவர் தேஜா சாவி கேட்கும்போதே, உங்க சின்ன வீடு எங்கண்ணா நிக்குது என்கிறான்.

எனக்கு அவளைக் குறை சொல்ல வாய் வராது. செவ்வாய்க்கிழமை மழையில் யார்டே சேறும் ஜல்லியும். மூன்று டன் பம்ப் காஸ்டிங் இரும்பைத் தூக்கிக்கொண்டு வழுக்காமல் சரிவில் ஏறினாள். ஷெட்டுக்குள் ஓடும் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வண்டி அந்த ஜல்லியைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கும். சார்ஜ் தீர்ந்தால் ஒரு ஷிப்டு படுத்துவிடும். இவளுக்கு டீசல் ஊற்றினால் போதும், உடனே கிளம்பிவிடுவாள். அந்த இழுவையைப் பார்த்தால் இன்ஜினியரிங் படித்த எவனும் கும்பிடுவான். சத்தம், ஆயில் ஒழுகல், ஓயாத சர்வீஸ் எல்லாம் உண்டு. வெளியே பொறுத்துக்கொள்ளலாம். புகைதான் ஷெட்டுக்குள் போக்கிடம் இல்லாமல் நிற்கிறது.

மழை முடியும்வரை உள்ளேயும் அவளே ஓடட்டும் என்றார் முதலாளி அழகிரிசாமி. வண்டிகளுக்குப் பொறுப்பான நான் மறுப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆட்களை வெளியே அனுப்பி, காற்றில் புகையை அளக்கும் மீட்டரை உன் நாற்காலியின் முதுகில் மாட்டி, ஷட்டரை இறக்கி ஓட்டச் சொன்னேன். இரண்டாம் நடையிலேயே மீட்டர் அலறியது. முதலாளி கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, "ஏப்பா, நீதானப்பா இவளை மெச்சிக்கிட்டுத் திரிஞ்சே?" என்றார்.

"வெளிய மகாராணிதானுங்க. உள்ள ஆகாதுங்க. ஓட்டித்தான் ஆவோணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றேன்.

 அவர் ஷட்டரைத் தூக்கச் சொன்னார்.

இப்போது ஷெட் வாசலில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. அவள் அதுவரை கொண்டுவருகிறாள்; உள்ளே பேட்டரி வண்டி வாங்கிக்கொள்கிறது. இரட்டை வேலை, எனக்கு எரிச்சல்தான். மாமியாளும் மருமகளும் வாசல்லயே குடுத்து வாங்கிக்கறாங்க என்று உன் பக்கத்து மேஜை பொற்கொடி சிரிக்கிறாள்.

உன் நாற்காலி அதே இடத்தில். மீட்டரைக் கழற்றவில்லை, அது சத்தமே போடுவதில்லை. வீடும் அப்படித்தான். டீசல் வாடைச் சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். திட்ட ஆள் இல்லை, ஆனாலும் கழற்றுகிறேன்.

வேலைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வீட்டுக்கு வா, அம்மணி. அதுவரை மலைக்காற்றை ரெண்டு பேரும் நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உன் வழி பார்க்கும்,
மிதுன்