பக்கத்துப் பல்

மார்ச் 4, செவ்வாய்

தையல் பிரித்தாகிவிட்டது. மேல் வரிசையில் முன்பல் ஒன்றும், அதற்கு இடப்பக்கம் இருந்ததும் போய்விட்டன. நாக்கு சும்மா சும்மா அங்கேயே போய் நிற்கிறது. 'ச' சொன்னால் காற்றுதான் வருகிறது. வீட்டில் பேச்சையே குறைத்துக்கொண்டேன். என் கணவருக்கு அதில் கொஞ்சம் நிம்மதி போலிருக்கிறது.

எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போலீஸ் பேண்டில் பதினாறு வருடமாக கிளாரினெட் வாசிக்கிறேன், அதுவும் நடந்துகொண்டே. அன்று அணிவகுப்பு ஒத்திகை. எனக்கு முன்னால் பெரிய டிரம் அடிப்பவன், நாங்கள் டமாரம் என்று கூப்பிடுகிற ஆள், ஷூ லேஸ் அவிழ்ந்ததென்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். என் கிளாரினெட்டின் அடிப்பகுதி அவன் முதுகில் மோத, வாயில் இருந்த மவுத்பீஸ் அப்படியே பல்லில் இறங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். டமாரம் அழுத அழுகையைப் பார்த்து ஆம்புலன்ஸ்காரர் முதலில் அவனைத்தான் பிடித்து உட்காரவைத்தார்.

மார்ச் 7, வெள்ளி

பல் டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

பிரிட்ஜ் என்றால் மூன்றே வாரம். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பற்களைச் சுற்றிலும் சீவிக் குட்டையாக்கி, நான்கு பல் சேர்ந்த துண்டைத் தொப்பி மாதிரி மேலே மாட்டி ஒட்டிவிடுவார். சீவினது சீவினதுதான், திரும்ப வளராது. இம்ப்ளான்ட் என்றால் எலும்பில் திருகாணி இறக்கி, அது எலும்போடு சேர்ந்துகொள்ள ஐந்தாறு மாதம் விட்டு, அதன் பிறகுதான் மேலே பல். பக்கத்துப் பல்லைத் தொடவே வேண்டாம்.

"வாசிக்கிறதுக்கு எது டாக்டர் நல்லது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இம்ப்ளான்ட்டுக்கு உணர்ச்சி இருக்காதும்மா. நம்ம பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஜவ்வு இருக்கு. அழுத்தம், அதிர்வு எல்லாம் அது வழியாதான் தெரியும். திருகாணிக்கு அது கிடையாது."

மேல் முன்பற்களை மவுத்பீஸ் மேல் ஊன்றித்தான் கிளாரினெட் வாசிக்கிறோம். அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் ஏறும். சுரம் சரியா தவறா என்று காதுக்கு முன்னால் பல்லுக்குத் தெரிந்துவிடும். இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். பாவம், தலையாட்டினார்.

மார்ச் 8

வேலையில் பட்ட அடி என்பதால் எதைச் செய்தாலும் செலவு துறையுடையதாம். பணத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிக்கிற வழியும் அடைபட்டது.

மார்ச் 11, செவ்வாய்

பேண்ட் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அடிபட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வாசிக்க முடியாவிட்டால் பேண்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். பொதுப் பணிக்கு, ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்கு.

"சட்டம் நான் எழுதலைம்மா. மே இருபத்திநாலுக்குள்ள என் முன்னாடி உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுங்க. முதல் கிளாரினெட் நாற்காலி உங்களோடதுதான். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல." கிளம்பும்போது, "பிரிட்ஜே போட்டுக்கோங்களேன். சட்டுன்னு முடியும்."

எல்லாருக்கும் சட்டுன்னு முடியணும். என் வாய், அவர்களுடைய அவசரம்.

ஸ்டேஷனுக்குப் போனவர்கள் யாரும் பேண்டுக்குத் திரும்பியதில்லை. டிரம்பெட் வாசித்தவர் ஒருவர் முதுகுவலி என்று போனார். இப்போது சாலை நடுவில் விசில் ஊதுகிறார்.

மார்ச் 12, புதன்

அக்கா வந்தாள். அவளுக்கு பிரிட்ஜ் போட்டுப் பத்து வருடம் இருக்கும். தாங்கிக்கொண்டிருந்த பல் உள்ளுக்குள்ளேயே சொத்தையாகி, போன வருடம் எல்லாமாகக் கழன்று வந்துவிட்டது. ஒரு பல் போன இடத்தில் இப்போது மூன்று இல்லை.

"வெளியே பார்க்க ஜம்முனு இருந்துச்சுடி. உள்ளே அழுகிட்டிருக்குன்னு எனக்கே தெரியலை. வேணாம், சொன்னா கேளு."

அவள் போனதும் என் கணவர் ஆரம்பித்தார். "உங்கக்கா ஒழுங்காப் பல்லே தேய்க்க மாட்டாங்க. அவங்களை வச்சு முடிவு பண்ணுவியா? எத்தனையோ பேருக்கு இருபது வருஷம் நிக்குது."

"அப்போ சீவச் சொல்றீங்களா?"

"நான் எதையும் சொல்லலை. வேலை போயிட்டு அப்புறம் நீ வீட்ல உட்கார்ந்து அழுதா என்னால பார்க்க முடியாது."

எரிந்து விழுந்தேன். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 15

டமாரம் வாசல்வரை வந்து உள்ளே வராமல் நின்றான். "அக்கா, என் பல்லை வேணா எடுத்துக்கோங்க." வெற்றிலைக் கறை படிந்த அந்தப் பல் வரிசையைக் காட்டி வேறு சிரித்தான். திட்டிவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 19, புதன்

பிரிட்ஜ். முடிவு பண்ணியாகிவிட்டது. கையெழுத்தும் போட்டாயிற்று. திங்கட்கிழமை சீவுகிறார்.

தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நாற்காலியில் சாய்த்தார்கள். ஊசி போட்டார்கள். பாதி முகம் மரத்து உதடு யாருடையதோ போல் ஆகிவிட்டது. நிறம் ஒத்துப் பார்க்கிற மாதிரிப் பற்கள் கோத்த ஒரு வரிசையை டாக்டர் எடுத்தார். வெள்ளை, மங்கல் வெள்ளை, மஞ்சள் கலந்தது என்று பத்துப் பதினைந்து நிறம். ஒவ்வொன்றாக என் வலப்பக்க முன்பல்லோடு வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்த்தார். உதவியாளப் பெண் எட்டிப் பார்த்து, "இதைவிட ஒரு மாத்து கம்மி சார்," என்றாள். அவர் இன்னும் குனிந்தார். "எவ்வளவு நல்ல பல்லு. ஒரு அடைப்புகூட இல்லை. இதே நிறம் வந்துட்டா அற்புதமா இருக்கும்."

நிறத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு மெஷினை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பல்லைப் பார்த்து, இதே மாதிரி வேண்டும் இதே மாதிரி வேண்டும் என்று தேடினாரோ, அதைத்தான் சீவப் போகிறார். அசல் வாயில் இருக்கும்போதே அதற்கு நகல் எடுத்துக்கொண்டு அசலை அரைத்துத் துப்பப் போகிறோம். நானும் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறேன்!

சொல்ல வாய் வரவில்லை, மரத்துக் கிடக்கிறதே. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மெஷின் நின்றது. உதவியாளப் பெண் வலிக்கிறதோ என்று பதறினாள். தலையை ஆட்டி ஆட்டி, எச்சில் வழிய, "வேணாம் வேணாம்" என்று சொன்னது எனக்கே "ஏனா ஏனா" என்று கேட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே காத்திருந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றார். இல்லை என்று கையைக் காட்டினேன். பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் பேசுகிற நிலையில் இல்லை.

மார்ச் 25

என்ன காரியம் செய்துவிட்டேன்? மே இருபத்திநாலு. கடவுளே.

ஏப்ரல் 10, வியாழன்

திருகாணி இரண்டும் இறங்கியாயிற்று. முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. அவர் ஐஸ் கட்டித் துணியை ராத்திரி முழுக்க மாற்றி மாற்றி வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 6, செவ்வாய்

வாசிக்க டாக்டர் அனுமதித்தார், அரை மனதாக. மவுத்பீஸைப் பல்லில் ஊன்றக்கூடாது. திருகாணிக்கு மேல் அழுத்தமே விழக்கூடாது.

ஊன்றாமல் எப்படி? கீழ் உதட்டை மடித்துக்கொள்வதுபோல மேல் உதட்டையும் பல்மேல் மடித்து, மவுத்பீஸைச் சற்று வலப்பக்கம் தள்ளி வைத்து ஊதினேன். பதினாறு வருடம் வாசித்தவளுக்கு வந்த சத்தம் கன்றுக்குட்டி கத்துவது மாதிரி இருந்தது. மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மே 14

மேல் உதட்டின் உள்பக்கம் தோல் உரிந்துவிட்டது. சூடாக எதையும் குடிக்க முடியவில்லை. கீழ் சுரங்கள் நிற்கின்றன. மேலே போனால் உதடு விட்டுவிடுகிறது. இன்னும் பத்தே நாள்.

மே 22, வியாழன்

வாசித்தேன்.

பேண்ட் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டார். மெதுவான பகுதி நன்றாகவே வந்தது, எனக்கே ஆச்சரியம். வேகமான பகுதியில் மேல் சுரம் இரண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை. முடிக்கும்போது மவுத்பீஸில் கட்டியிருக்கிற ரீடில் ரத்தம். கைக்குட்டையால் மறைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "முதல் நாற்காலிக்கு இது போதாதும்மா."

"தெரியும் சார்."

"மூணாவது கிளாரினெட்டுக்குப் பெரும்பாலும் கீழ் சுரம்தான். திங்கட்கிழமை அங்க உட்காருங்க."

பதினாறு வருடத்துக்கு முன் நான் சேர்ந்தபோது உட்கார்ந்த வரிசை அது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன், ஓட்டைப் பல்லோடு.

செப்டம்பர் 26, வெள்ளி

புதுப் பற்கள் மாட்டியாயிற்று. பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. அக்கா விரலை விட்டே பார்த்தாள்.

மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறேன். என் பழைய நாற்காலியில் வேறொருத்தி. நன்றாகத்தான் வாசிக்கிறாள், சனியன்.

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மேல் பல்லை மவுத்பீஸ் மேல் ஊன்றினேன். நீளமாக ஒரே சுரம். இடப்பக்கம் ஒன்றுமில்லை, சுவரில் சாய்ந்த மாதிரி. டாக்டர் முதலிலேயே சொன்னதுதான். வலப்பக்கம் அந்தப் பல்லிலிருந்து அதிர்வு கிளம்பி, மூக்குத்தண்டு வழியாக நெற்றிக்கு ஏறி, மண்டையெல்லாம் நிறைந்தது. மூச்சு தீரும்வரை விடவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன, வலிக்குதா?"

"இல்லை," என்றேன். "கேக்குது."