தோளில் வைத்த குதிகால்

அக்கா,

எங்கள் ஊர் பத்து காஜா ஆஸ்பத்திரியில் இன்று காலை, காலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மலாய்ப் பெண் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, என் குதிகாலைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். என் பேத்தி வயதுதான் இருக்கும். கையில் தைல வாசனை. "தோலாக், மக்சிக். குவாட் சிகிட்" என்றாள். தள்ளு அத்தை, இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளு என்கிறாள். தள்ளினேன். கால் நடுங்கியதே தவிர, பலம் வரவில்லை.

உன் தோள் ஞாபகம் வந்துவிட்டது.

தோட்டத்தில் நாமிருவரும் அடுத்தடுத்த நிரையில் ரப்பர் பால்மரம் வெட்டினோம். பால் வடியப் பட்டையில் போடும் வெட்டு அடிமரம்வரை இறங்கிவிட்ட காலம் அது. விடிந்ததிலிருந்து முழங்காலை அரையாக மடக்கி, மரத்துக்கு மரம் குனிய வேண்டும். வீடு திரும்பும்போது என் பின்தொடை முறுக்கிய கயிறாய் இறுகிக் கிடக்கும். நீ சிமெண்டுத் தரையில் பாயைப் போடுவாய். எண்ணெய் தொட்டு, மேலிருந்து முழங்கால் பக்கமாகக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வருவாய். முழங்காலுக்குப் பின்னாலுள்ள குழியை மட்டும் தொடமாட்டாய். "அங்க நரம்பு ஓடுது, கை வெக்கக்கூடாது." பிறகு என் குதிகால் உன் தோளுக்கு ஏறும். தோட்டத்துப் பந்தாட்டக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி டிரெசர் செய்ததைத் திடலோரம் நின்று பார்த்தே பிடித்துக்கொண்ட வித்தை.

"தள்ளுடி!"

"தள்ளிக்கிட்டுத்தானக்கா இருக்கேன்."

"இதுவா? கோழி ஒதைக்கிற மாதிரி இருக்கு. ஒன் மாமியாள நெனச்சுத் தள்ளுலா!"

எங்கிருந்துதான் அந்தப் பலம் வருமோ. ஐந்தாறு மூச்சு தள்ளவிட்டு, "இப்ப விட்டுரு" என்பாய். விட்டதும் கால் தானாக இன்னும் கொஞ்சம் மேலே போகும். "இழுத்தா எதுத்துக்கும்டி. மொதல்ல அதத் தள்ள விடணும். அப்புறம் கேட்டா வரும்."

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட, நான் பத்து காஜாவுக்கும் நீ குனோங் ராபாட்டுக்கும் போனோம். அரைமணி நேரப் பாதை. அப்படியிருந்தும் உன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டாய். வெற்றிலைத் தட்டோடு என் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டியவள் நீ. கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பதினோரு வருடம் உன் வாசலை மிதிக்கவுமில்லை.

போன வருடம் உன் மகள் போன் செய்தாள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அது கூடியும் நீ எழவில்லை. முழங்கால்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. டாக்டர்கள் மெல்ல நீட்டிவிடச் சொன்னார்களாம், நீ யாரையும் தொட விடவில்லை. "ஒங்க பேரத்தான் சொல்றாங்க, சின்னம்மா."

வந்தேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு, சுவரைப் பார்த்தபடி:

"செத்தா கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டணுமே. இந்தக் கால ஒடிச்சா கட்டுவாங்க?"

அதற்காகத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறினேன். சுடுநீரில் பிழிந்த துண்டைப் போட்டு, நீ அழுத்திய மாதிரியே அழுத்தினேன். உன் குதிகாலை என் தோளில் வைத்தேன்.

"தள்ளுக்கா."

"யார நெனச்சு?"

"என்னையத்தான். பதினோரு வருசம் எட்டிப் பாக்கலல்ல, அத நெனச்சுத் தள்ளு."

நீ கண்ணை மூடினாய். குதிகால் என் தோளில் சும்மா கிடந்தது.

"ஒன்ன நெனச்சா பலம் வரமாட்டேங்குதுடி."

கடைசியில், நம்மை விரட்டி வேலை வாங்கிய பழைய தண்டலை நினைத்துத்தான் தள்ளினாய்.

ஐந்து மாதம் கழித்து, தை மாதம் நீ போனாய். கால் முழுதாக நீண்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் யாரும் அதை அழுத்த வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரல் இரண்டும் தாமாகச் சேர்ந்தன. துணியை நான்தான் கட்டினேன்.

தபாலில் போட்டதைப் பற்றி நீ கடைசிவரை வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா. இதையும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

இன்று அந்தப் பெண் தள்ளச் சொன்னபோது அந்தப் பத்திரிகையைத்தான் நினைத்தேன். உறையின்மேல் குத்தியிருந்த முத்திரைகூடக் கண்ணில் நின்றது. அதன் பின்னாலேயே நினைப்பில் நீயும் வந்துவிட்டாய். பலம் போய்விட்டது. அவள் மறுபடியும் தள்ளச் சொன்னாள். மாமியாரை நினைத்துக்கொண்டேன். பாவம், அந்தப் பிள்ளை ஓர் எட்டு பின்னால் போய்விட்டாள்.

கால் லேசாகி வீடு வந்து சேர்ந்தேன். தோளில் மட்டும் உன் குதிகால் இன்னும் கிடக்கிறது, தள்ளாமல்.