கேட்கக் கூசிய அளவு

மதினி, இன்றைக்குக் காலையில் மாரியம்மாள் உங்கள் வீல் சேரைக் கேட்டாள். நம் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற அதே மாரியம்மாள்தான். அவள் புருஷன் சுப்பையா, லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருக்கிறார். இப்போதுதான் உட்கார வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "அக்கா நாற்காலி சும்மாதான கெடக்கு அண்ணாச்சி? எங்க வீட்டுல அவுகளுக்கு ஆகும்ல," என்றாள். நியாயமான கேள்விதான்.

அட்டை அடுக்கியிருக்கும் அறையில், பரண் மேல் பழைய சேலையைச் சுற்றி வைத்திருந்தேன். இறக்கித் தூசி தட்டி, இரண்டு பக்கமும் பிடித்து விரித்தேன். டக்கென்று அந்தச் சத்தம். அதைக் கேட்டதும், "கெளம்பிட்டியாலே?" என்று நீங்கள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பீர்கள் என்று என் காது காத்திருந்தது.  பிறகு என்ன தோன்றியதோ, அதில் உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை அதை மடக்கி விரித்திருக்கிறேன் மதினி. உட்கார்ந்து பார்த்தது இன்றைக்குத்தான். நான் ஒல்லிப்பிச்சான் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கே இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழையத்தான் இடமிருந்தது.

எழுந்துவிட்டேன். "இது வேண்டாம் மாரியம்மா," என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. சும்மா கிடக்கிற சாமானைக் கொடுக்க மனசு வராதவன் என்று நினைத்திருப்பாள். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் பக்கம் போகிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். மூன்று தடவை டீ குடித்தாகிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் இது அடங்காது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் போனதும் கம்பெனியை மூடிவிடுவோம் என்றுதான் திருத்தங்கலில் எல்லாரும் பேசினார்கள். நீங்கள்தான் மூட விடவில்லை. மெஷின் என் பாடு, ஆர்டர் உங்கள் பாடு என்று பிரித்துக்கொண்டோம். மாதிரிப் பெட்டிகளைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிவகாசியில் ஒவ்வொரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸாக நீங்களே ஏறி இறங்குவீர்கள். போனில் கேட்டால் ஆகாதா என்று நான் கேட்டால், "போன்ல இல்லைன்னு சொல்லுறது லேசுலே. எதுக்க போய் உக்காந்துட்டா எப்படிச் சொல்லுவான்?" என்பீர்கள். உங்கள் உருவமும் அதற்குத் தோதாக இருந்தது. நீங்கள் எதிரே உட்கார்ந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுந்து வெளியே போக வழியே இருக்காது. இதை உங்களிடமே சொல்லி முதுகில் அடி வாங்கியிருக்கிறேன்.

அப்படி நடந்த காலைத்தான் சர்க்கரை தின்றது. விரலில் வந்த புண் மேலே மேலே ஏறி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் அழுததை நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரி பார்த்ததாகச் சொன்னாள். எனக்குக் காட்டியதெல்லாம் கோபம்தான். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், "யாரு லோடுலே போகுது?" என்று படுக்கையிலிருந்து கேட்பீர்கள். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க அது அதிகமாயிற்று. "என்னத்தையாவது வாங்கியா, என்னைய வெளிய கூட்டிட்டுப் போ. இங்கனயே கெடந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்," என்றீர்கள். அதைச் சொன்னபோது நீங்கள் கேலி செய்யவில்லை.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே காருக்குப் போனேன். டிக்கியில் பாதியைக் கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த இடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கால் அங்குலம் பிசகாமல் எடுத்துச் சீட்டில் எழுதிக்கொண்டேன். கடைக்கு நீங்களும் வருவதாகச் சொன்னீர்கள். "உக்காரப் போறது நான். நான் பாக்க வேண்டாமா?" என்றீர்கள். "உங்களைக் கூட்டிட்டுப் போக வீல் சேர் வேணும். வீல் சேர் வாங்க நீங்க வேணுமா? நல்லாருக்கு மதினி நீங்க சொல்லுறது," என்று சிரித்தேன். நீங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டீர்கள். நானும் என் வீட்டுக்காரியுமாக உங்களைத் தூக்கிக் காரில் உட்கார வைத்திருந்தால், கடைக்காரர் நாற்காலியைக் கார் வரைக்கும் கொண்டுவந்து காட்டியிருப்பார். இது அன்றைக்குத் தோன்றவில்லை.

மதுரையில் அந்தக் கடையில் இரண்டு நாற்காலிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று அகலமான இரும்பு நாற்காலி. உட்காருகிறவர் தானே உருட்டிக்கொள்ளப் பெரிய சக்கரம், கனமான மெத்தை. மடக்கினாலும் ஒரு ஆள் தூக்க முக்க வேண்டும். இன்னொன்று அலுமினியம். நாலும் சின்னச் சக்கரம், பின்னாலிருந்து யாராவது தள்ளினால்தான் நகரும். ஆனால் முதுகுப் பலகைகூட மடங்கியது. ஒரு கையில் தூக்கினேன். சீட்டிலிருந்த அளவுக்குள் கச்சிதமாக அடங்கியது.

"யாருக்கு சார்?" என்று கேட்டார் கடைக்காரர். மதினிக்கு என்றேன். "இடுப்பளவு என்ன சார்? உக்காந்தா இந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வரைக்கும்," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். பில் போடுகிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். மதினி, உள்ளளவா வெளியளவா என்று கேட்காமல் நம் கம்பெனியில் ஒரு பெட்டிக்குக் கத்தி இறங்கியதில்லை. உள்ளே என்ன வைக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் பெட்டியையே யோசிப்போம். ஆனால் அண்ணன் சம்சாரத்தின் இடுப்பளவை நான் எப்படிச் சொல்வேன்? வீட்டுக்குப் போன் போட்டு, என் வீட்டுக்காரியை அளந்து சொல்லச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "நடுத்தரமா இருப்பாங்க," என்றேன்.

நீங்கள் நடுத்தரம்! அங்கே இருந்திருந்தால் கடையே அதிரச் சிரித்திருப்பீர்கள். கடைக்காரர் தயங்கினார். "கொஞ்சம் பெரிய உடம்புன்னா அகலமானதைப் பாருங்க சார். ரெண்டு பக்கமும் இடம் இருக்கணும்," என்றார். அகலமானது டிக்கியில் ஏறாது. அது எனக்குத் தெரிந்தது. வெட்கப்பட்டேன் என்பது உண்மைதான் மதினி. ஆனால் அந்த வெட்கம் எனக்கு வசதியாகவும் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் நாள் நானும் என் வீட்டுக்காரியும் உங்களை அதில் இறக்கினோம். இரண்டு பக்கமும் இறுகப் பிடித்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் சக்கரத்தைப் பார்த்தேன். நீங்கள் ஒரு தடவை அசைந்து பார்த்துவிட்டு, "பெட்டிக்குள்ள வெடிய அடுக்குன மாதிரி கச்சிதமா இருக்குலே. ஆடாம போகலாம்," என்றீர்கள். அடுத்த நாளே சிவகாசிக்குக் கிளம்பினோம்.

அந்தச் சில வாரங்கள் நாம் போகாத இடமில்லை. சிவகாசி, விருதுநகர், ஆலங்குளம் என்று வண்டி நிற்கவே இல்லை. நாரணாபுரத்தில் ஒரு கம்பெனிப் பாதையில் சரளைக்கல்லில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொண்டு, நான் பின்னாலிருந்து தள்ள, நீங்கள் முன்னாலிருந்து என்னைத் திட்ட, வாட்ச்மேன் ஓடிவந்து தூக்கிவிட்டார். இன்னொரு ஆபீஸில் உங்களைச் சோபாவுக்கு மாற்றலாம் என்று தூக்கினால், நாற்காலியும் உங்களோடு எழுந்து வந்தது. அந்த முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார். எல்லாரையும்விடச் சத்தமாக நீங்கள்தான் சிரித்தீர்கள். "என்னைய விட மாட்டேங்குதுங்க. உங்க ஆர்டரும் அப்படித்தான், வாங்காம விட மாட்டேன்," என்றீர்கள். ஆர்டர் கிடைத்தது. உங்கள் சிரிப்பைக் கேட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் உள்பாவாடையில் கறையைப் பார்த்தது என் வீட்டுக்காரிதான். அதுவரைக்கும் உடை மாற்ற அவளை நீங்கள் பக்கத்தில் விடவில்லை. இடுப்பின் இரண்டு பக்கமும் தோல் உரிந்து, ஒரு பக்கம் குழியே விழுந்திருந்ததாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சர்க்கரை உடம்பை இத்தனை இறுக்கமான நாற்காலியில் எத்தனை மணி நேரம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.  இனி உட்காரவே கூடாது, புண் ஆறுகிறவரை ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சீசன் உச்சத்தில் நான் தனியாகப் போய் வந்தேன். போன இடமெல்லாம், "அக்கா எங்க?" என்று கேட்டார்கள்.

அகலமான நாற்காலி வேண்டுமென்று அதே கடையில் சொல்லி வைத்தேன். டிக்கியில் ஏறாவிட்டால் கூரைமேல் கட்டிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் புத்தி வந்தது. அதை உங்களிடம் சொல்ல வந்தவன் கத்திவிட்டேன். "ஏன் மதினி சொல்லலை? வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டேன். நீங்கள் படுத்தபடியே, "சொன்னா என்ன செஞ்சிருப்ப? டேப்ப எடுத்துட்டு என் இடுப்ப அளக்க வந்திருப்பியாலே?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. கடையில் நடந்ததை நான் சொல்லவே இல்லை. உங்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பிறகு மெதுவாக, "அகலமா வாங்கியிருந்தா வீட்டுலதான் அகலமா உக்காந்திருப்பேன். போதும் போ," என்றீர்கள்.

அது என்னைத் தேற்றச் சொன்னதா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தீர்களா? இல்லை, அந்த இடத்தில் வலியே தெரியாமல் போயிருந்ததா? மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒன்றை நம்புகிறேன், மறுநாள் அது பொய்யாகப் படுகிறது. எனக்கு உங்கள் மேல் கோபம்தான் மதினி. சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு நாரணாபுரத்துக்குப் போய் வந்தேன். மாரியம்மாள் வீட்டுக்குத்தான். சுப்பையா கட்டிலில் கிடந்தார். டேப்பை எடுத்து அவர் இடுப்பை அளந்தேன். "என்ன அண்ணாச்சி, எனக்குப் பெட்டியா செய்யப் போறீக?" என்று நெளிந்தார். ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டுவருகிறேன், கடைக்கு நீங்களும் வந்து ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று மாரியம்மாளும் கையை விட்டுப் பார்க்கட்டும் என்றேன். மாரியம்மாளுக்குக் காலையில் வந்த வருத்தம் கொஞ்சம் தணிந்தது. பிறகு, எங்கெங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "எங்கன போறது? வாசல்ல காத்தாட உக்காந்தாப் போதும்," என்றாள் அவள். சுப்பையா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "லாரி செட்டு வரைக்கும் அண்ணாச்சி. லோடு ஏத்துறத ஒருக்கா பாத்துட்டு வந்துருதேன்," என்றார்.

அந்த 'ஒருக்கா'வைக் கேட்டதும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன்.

நீங்களும் அப்படித்தான் கேட்டீர்கள். உங்கள் கடைசி வாரத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வந்திருந்தபோது. புண் ஆறவில்லை, காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒருக்கா கூட்டிட்டுப் போ தம்பி. அந்த நாற்காலியிலயே போவோம். ஒரு ஆபீஸ் போதும், அஞ்சு நிமிசம். வலிச்சா வலிச்சுட்டுப் போகுது," என்றீர்கள். என்றைக்கும் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவீர்கள். அன்றைக்குத் தம்பி என்றீர்கள்.

நான் மாட்டேன் என்றேன். "ஆறட்டும் மதினி. புது நாற்காலி வந்துரும். அப்புறம் எங்க வேணும்னாலும் போகலாம்," என்றேன். ஒரு தடவை செய்த தப்பை மறுபடி செய்யக் கூடாது என்பதில் அத்தனை உறுதியாக இருந்தேன். உங்களுக்கு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. எங்கே போக வேண்டும் என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னதை அன்றைக்கும் நான் காதில் வாங்கவில்லை.

"சரி," என்றீர்கள். கையை எடுத்துக்கொண்டீர்கள். புது நாற்காலி வருவதற்குள் போய்விட்டீர்கள். வேண்டாம் என்று கடைக்குச் சொன்னதும் நான்தான்.

ஒரு பெட்டி ஆர்டரை யாராவது இல்லை என்று சொன்னால் பத்துத் தடவை கேட்பீர்கள். அடுத்த வாரமும் போய் உட்கார்ந்து கேட்பீர்கள். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நான் இளகியிருப்பேன் மதினி. சத்தியமாகத் தூக்கி உட்கார வைத்திருப்பேன். என்னிடம் மட்டும் ஏன் ஒரு தடவையோடு விட்டுவிட்டீர்கள்?