பட்டியலில் இல்லாத சத்தம்

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் தமிழ் டீச்சரின் கட்டளை. எனக்கு உண்மையாகவே ஆவல்தான். ஆகவே அதைச் சடங்காக எடுத்துக்கொள்ளாமல் பதில் எழுது.

முதலில் அம்மாவின் புகார். "லெட்டர் எழுத நேரம் இருக்கு, ஒரு போன் பண்ண மட்டும் துரைக்கு நேரம் இல்லையா?" உன் விடுதியில் போன் ரிப்பேர் என்று சொன்னேன். "எத்தனை மாசமாடீ ரிப்பேர்? அவனே லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்தானே, ஒரு போனைப் பண்ண மாட்டானா?" என்கிறாள். இதற்குப் பதிலை நீயே சொல்.

நம் வீட்டு போனுக்கும் ஏதோ வந்திருக்கிறது. மணி அடிக்கும், எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். டொக் டொக் என்று மட்டும் கேட்கும். அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்து, அப்போதுதான் கண் அசந்திருப்பாள். "எவன்டா நீ, வேற வேலை இல்லையா உனக்கு?" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாள். போன் ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது பெரிய செய்தி. உன் துணிப்பெட்டியின் அடியில் 'விளக்குக்காரன்' பிளாப்பி கிடைத்தது! நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்னால் உன் மடியில் உட்கார்ந்து விளையாடினேனே, அதேதான். நம் பழைய கம்ப்யூட்டர் கட்டிலடியில் உயிரில்லாமல் கிடக்கிறது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் ஒரு வழி சொன்னார். எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அது புதுக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கும். விளையாட்டும் அதை நம்பி ஓட ஆரம்பித்துவிடும்! சாப்பாட்டு இடைவேளையில் லேபில் ஓட்டிப் பார்த்தேன். கோட்டை வந்தது, விளக்குக்காரன் வந்தான், நடந்தான். ஆனால் சத்தம் வரவில்லை. சத்தத்தைத் தேர்ந்தெடுத்தால் 'டிர்' என்று ஒருமுறை இருமிவிட்டு எல்லாமே உறைந்துவிடுகிறது.

கம்ப்யூட்டருக்குச் சத்தம் கொடுப்பது எந்த சவுண்ட் கார்டு, அதற்கு என்ன எண் என்று விளையாட்டு கேட்கிறது. நம் கம்ப்யூட்டரில் இருந்தது எந்தக் கார்டு அண்ணா? எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். நீ போன பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுவது நானும் பிரிட்ஜும்தான்.

அன்புடன்,
பூச்சி

-

ஜூன் 21

அன்புள்ள புத்தகப்பூச்சிக்கு,

உன் லெட்டரை லிஃப்டுக்கு அடியில உட்கார்ந்து படிச்சேன். கிரீஸ் கறை இருந்தா மன்னிச்சுக்கோ.

சத்தத்துக்கு வழி சொல்றேன், கவனமாப் படி. கார்டு கம்ப்யூட்டரைத் தோள்ல தட்டிக் கூப்பிட ஒரு எண் இருக்கு, ஐ.ஆர்.க்யூ.ன்னு பேரு. எமுலேட்டர்ல ஏழுன்னு இருந்து, விளையாட்டுல நீ அஞ்சுன்னு சொல்லியிருப்பே. கார்டு ஒரு தோளைத் தட்டுது, விளையாட்டு இன்னொரு தோள்ல தட்டுவாங்கன்னு காத்துட்டு நிக்குது. அதான் உறைஞ்சு போகுது. ரெண்டு இடத்துலயும் ஏழு போடு. கார்டோட முகவரி கேட்டா 220ன்னு போடு. சத்தம் திக்கித் திக்கி வந்தா எமுலேட்டரோட வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. ஒரேயடியா ஏத்தினா விளக்குக்காரன் தலைதெறிக்க ஓடுவான்.

எந்தக் கார்டுன்னு ஞாபகம் இல்ல. பட்டியல்ல முதல்ல இருக்கிறதைப் போடு.

போன் சீக்கிரம் சரியாயிடும்னு அம்மாகிட்ட சொல்லு. அப்புறம், அந்த டொக் டொக் ஆளை ரொம்பத் திட்ட வேண்டாம்னும் சொல்லு. பாவம், யாரோ என்னவோ.

அண்ணன்

-

ஜூலை 4

அன்புள்ள அண்ணா,

ஏழு! ஏழேதான்! சத்தம் வந்துவிட்டது. லேபில் நான் போட்ட கூச்சலில் டீச்சர் சாப்பாட்டு டப்பாவோடு ஓடி வந்தார்.

ஆனால் அண்ணா, அது அந்தச் சத்தம் இல்லை.

விளக்குக்காரன் நடந்தால் உப்புத்தாளைத் தேய்ப்பது போல 'ஸ்க் ஸ்க்' என்கிறது. கோட்டைக்குள் வரும் கரடி உறுமினால் அடுத்த வீட்டு மிக்சி ஓடுவது போல இருக்கிறது. மேல்மாடியில் பெரிய விளக்கை ஏற்றியதும் ஒரு பாட்டு வருமே, அந்த இடத்தில் ஆண்டுவிழா பேண்டு போல ஒரே டிரம்பெட். பட்டியலில் இருக்கிற எல்லாக் கார்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். சிலதில் டிரம்பெட் வயலின் ஆகிறது, சிலதில் வெறும் பீப் பீப். ஒன்றிலும் அது இல்லை.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் நடந்தால் டொக் டொக் என்று குதிரைபோல் கேட்கும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால் 'ப்ளக்'. கரடி முதலில் மூச்சு விடும், பிறகுதான் உறுமும். அந்தப் பாட்டு மிக மெதுவாக, என் காதுக்குப் பக்கத்தில் வரும். சத்தம் கொஞ்சம் சூடாக இருந்ததாகக்கூட ஞாபகம். டீச்சரிடம் சொன்னேன். "சத்தம் எப்படிம்மா சூடா இருக்கும்?" என்று சிரித்தார்.

நன்றாக யோசித்துச் சொல். எந்தக் கார்டு?

அன்புடன்,
பூச்சி

பி.கு.: அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறாள். கழுத்து அளவு கேட்கிறாள்.

-

ஜூலை 19

பூச்சிக்கு,

அந்தக் கார்டு பட்டியல்ல இருக்காது. அது இப்ப வர்றதும் இல்ல, தேடினாலும் கிடைக்காது. இருக்கிற சத்தத்தை வெச்சு விளையாடு. பரீட்சை வருதுன்னு நினைக்கிறேன், படிப்பைப் பாரு.

ஸ்வெட்டர் வேண்டாம்னு சொல்லு. இங்க குளிர் இல்ல.

அண்ணன்

-

ஆகஸ்ட் 2

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை உறையில் போடும்போதே கோபமாகப் போட்டாயா? இவ்வளவு சின்னக் கடிதத்தை நீ எழுதியதே இல்லை. அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, "குளிர் இல்லையாமா?" என்று மட்டும் கேட்டாள். பின்னிய வரைக்கும் ஊசியோடு பீரோவில் வைத்துவிட்டாள்.

நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்ததும் நானே பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பது என்று முடிவு செய்தேன். கட்டிலடியிலிருந்து இழுத்து, தூசி தட்டி, ரிக்‌ஷாவில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். டீச்சர் திருகுகளைக் கழற்றினார். நான் கார்டின் பெயரை எழுதிக்கொள்ளப் பென்சிலோடு நின்றேன். அவர் உள்ளே குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"இதுல சவுண்ட் கார்டே இல்லையேம்மா."

"கழண்டு விழுந்திருக்குமா, மிஸ்?"

"எப்பவுமே இருந்ததில்ல. பாரு, கார்டு சொருகற இடத்தை மூடியிருக்கிற தகட்டைக்கூட யாரும் உடைக்கல. உள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கருக்குப் போற ஒயரையும் பிடுங்கிச் சுருட்டி வெச்சிருக்காங்க."

ஒயர் ஒரு ரப்பர் பேண்டில் அழகாகச் சுருட்டியிருந்தது. நீ எதைச் சுருட்டினாலும் அப்படித்தான் சுருட்டுவாய். பகலில் அம்மா தூங்குவாள், சத்தம் வரக் கூடாது. அதற்காகத்தானே?

அப்புறம்தான் புரிந்தது. நான் உன் மடியில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நீ எனக்குப் பின்னால் இருப்பாய். உன் வாய் என் காதுக்குப் பக்கத்தில்.

அண்ணா, நீதானா? கரடிகூட நீதானா?

லேபில் அழுதுவிட்டேன். டீச்சர் கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து, "வேற வாங்கிக்கலாம்மா" என்றார்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன் பண்ணு. விடுதியில் ரிப்பேர் என்றால் கடையிலிருந்து பண்ணு. நீ நட, உறுமு, கடைசியில் அந்தப் பாட்டைப் பாடு. நான் பதிவு செய்து விளையாட்டுக்குள் வைத்துவிடுவேன், அதற்கு வழி இருக்கிறதாம். பாட்டில் முதல் வரிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இதற்கும் நீ பண்ணாவிட்டால், உனக்கு நாங்கள் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன். அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லத்தான் மாட்டேன் என்கிறாள்.

பூச்சி

-

ஆகஸ்ட் 15

என் பூச்சிக்கு,

இதைத் தனியாப் படி. உட்கார்ந்து படி.

தொண்டையில ஒரு கட்டி வந்துச்சு. முதல்ல சளின்னு நினைச்சேன், அப்புறம் கிரீஸ் புகைன்னு நினைச்சேன். டாக்டர் பார்க்கிறப்ப நேரம் தாண்டிடுச்சு. குரல்வளையை மொத்தமா எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு துளை இருக்கு, அது வழியாத்தான் மூச்சு. பயப்படாதே. கட்டி போயிடுச்சுன்னு சொல்றாங்க. சாப்பிடறேன், தூங்கறேன், வேலைக்குப் போறேன். கூட்டாளி மேல நிப்பான், நான் கீழ நிப்பேன். முன்னாடி கத்துவேன், இப்ப ஸ்பேனரால சுவத்துல தட்டறேன். ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டுன்னா ஏத்து. அவன் சொல்றான், "முன்னாடியவிட இப்ப நீ பேசறது தெளிவாப் புரியுதுடா."

ஆபரேஷனுக்கு முன்னாடி குரலைப் பதிவு பண்ணி வெச்சுக்கோன்னு அவன்தான் ஒரு டேப் கொண்டுவந்தான். பட்டனை அமுக்கிட்டு உட்கார்ந்தேன். என்ன பேசறதுன்னே தெரியல. "ஹலோ, ஹலோ, கேக்குதா"ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டேன். அந்தப் பாட்டைப் பாடியிருக்கலாம். தோணல.

நீ கேட்ட கார்டைக் கழட்டிட்டாங்க பூச்சி. வெச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்லல.

அம்மாகிட்ட சொல்லாதே. ராத்திரியெல்லாம் வார்டுல இந்த மாதிரி ஆளுங்களைத் துடைச்சு, திருப்பிப் படுக்க வெச்சுட்டு வர்றவ. பகல்லயாவது தூங்கட்டும்.

அண்ணன்

-

ஆகஸ்ட் 28

என் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைத் தனியாகத்தான் படித்தேன். போன கடிதத்தின் கடைசி வரிகளை நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்வாயா?

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். எனக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. உடலியல் புத்தகத்தில் தொண்டையின் படம் இருந்தது. குரலுக்குத்தான் குரல்வளை வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் வரும் சத்தத்துக்கு அது வேண்டாம், மூச்சுக்கூட வேண்டாம். மூக்கைப் பிடித்து, மூச்சை அடக்கிச் செய்து பார்த்தேன். டொக் டொக் வந்தது. கன்னத்துக்குள் விரல் விட்டு எடுத்தால் 'ப்ளக்' வந்தது. கரடி வரவில்லை. பாட்டு வரவில்லை. நூலகர் முறைத்தார். உன்னிடம் எது மிச்சம், எது போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்படியே நிறுத்திவிட்டேன். டொக் டொக்.

அந்த போன் நீதான்.

நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டு. அம்மா வேலைக்குக் கிளம்ப யூனிபாரம் மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "துளை மேல துணி கட்டிக்கிறானா? லிஃப்ட் குழிக்குள்ள ஒரே தூசி இருக்குமே. குளிக்கிறப்ப தண்ணி போகாமப் பார்த்துக்கிறானா? ராத்திரி தலையணையை உயர்த்தி வெச்சுப் படுக்கச் சொல்லணும்" என்று வார்டில் கேட்பதுபோலவே வரிசையாகக் கேட்டாள். பிறகு போனைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"எவன்டா நீன்னு கேட்டேனேடீ."

அதையேதான் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை. பீரோவிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து, கழுத்தை மட்டும் பிரித்து, துளையில் உராயாதபடி முன்னால் திறந்து பொத்தான் போடுகிற மாதிரி மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

நான் அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். சும்மாதான் கேட்டேன், அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஊசியை நிறுத்தாமலே முணுமுணுத்தாள். முழுப் பாட்டையும், அண்ணா!

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ தூங்கிட்டுல்ல இருப்பே?"

"பகல்ல நான் எங்கடீ தூங்கினேன்? நீங்க ரெண்டு பேரும் பண்ற கூத்தைக் கேட்டுக்கிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். கரடி வந்தா எனக்கே பயமா இருக்கும்."

இரண்டாவது வரியை அவள் தப்பாகப் பாடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். அவளோ, தப்பு என்னிடம்தான் என்கிறாள். இதைத் தீர்த்துவைக்க உன்னைத் தவிர ஆள் கிடையாது.

அதனால் போன் பண்ணு. பேச வேண்டாம். கம்ப்யூட்டர் லேபில் இருக்கிறது, ஆனாலும் கோட்டையின் வழி எனக்கு மனப்பாடம். அப்போது சத்தம் இல்லாத பெட்டியில் விளையாடினோம், இப்போது படம் இல்லாமல் விளையாடலாம். எந்தக் கதவு என்று நான் சொல்கிறேன், நீ நட. தண்ணீரும் நீதான். கரடி நான். நன்றாக வரவில்லை, பூனை போலத்தான் இருக்கிறது, பழகிக்கொண்டிருக்கிறேன். பாட்டு அம்மா. தப்பாகப் பாடினால் ஒரு தட்டு தட்டு, நிறுத்திவிடுவாள். சரியென்றால் இரண்டு.

அம்மா இப்போது போனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுத்தான் படுக்கிறாள். நேற்று போன் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார், புகார் எழுதியிருந்தோமே, அதற்காக. "லைன்ல ஏதோ டொக் டொக்னு சத்தம் வருதாமே, சரி பண்ணணும்" என்று பையைத் திறந்தார். அம்மா எழுந்து போய் அவருக்கும் போனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. கையை வெச்சுடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

உன்,
பூச்சி