நான் மொழிபெயர்க்காமல் விட்ட கை

என்ர சின்னண்ணாவுக்கு,

இதைக் கேளுங்கோ. எப்பவும் போல நடுவில எழும்பிப் போகாதேங்கோ.

நீங்கள் போய்ப் பத்து மாசம். ஹோர்சன்ஸில இண்டைக்கும் அதே டெனிஷ் மழை. அம்மா சுகம், உங்கட புட்டுக் கோப்பையை ஒருத்தரையும் தொட விடுறா இல்லை. சத்தம் கூடினால் "ம்ம்ம்" எண்டு நீங்கள் முனகுற முனகல் இல்லாமல் வீடு வீடாவே இல்லை.

நாப்பத்தொரு வயசில உங்களுக்கு ஓட்டிசம் எண்டு சொன்ன அண்டைக்கு நான் அழுதன், நீங்கள் சிரிச்சீங்கள். "அப்ப நான் விசரன் இல்லை" எண்டீங்கள். பிறகுதான் ஓகூஸ் ஆஸ்பத்திரியில அந்த ஆராய்ச்சிச் சிகிச்சை. காளானில இருந்து எடுக்கிற மருந்து, பக்கத்தில இருக்க ரெண்டு பேர், முன்னும் பின்னும் கதை. சண்டைக் காலத்துப் பயத்தை மெல்ல இறக்கி வைக்கலாம் எண்டினம். "காளான் திண்டு என்னத்தைக் காணப் போறீங்கள்?" எண்டு நக்கலடிச்சன். "ஒரு நாளெண்டாலும் பயமில்லாமல் நித்திரை கொள்ளோணும்" எண்டீங்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஒராளைத் தாறம் எண்டினம். நான்தான் வேண்டாம், நானே மொழிபெயர்க்கிறன் எண்டன். வாறவர் எங்கட ஆளாத்தான் இருப்பார், பொழுதுபடுறதுக்குள்ள கோல்டிங்கில இருக்கிற சனம் வரைக்கும் கதை போயிடும். உங்களுக்கோ வேலை செய்த வேர்ஹவுஸில இருந்த சாமானெல்லாத்துக்கும் டெனிஷ் தெரியும், உள்ளுக்குள்ள கிடந்தது மட்டும் தமிழிலதான் வரும்.

சைக்கோலொஜிஸ்ட் கிர்ஸ்டன் கேட்டா: "மருந்து வேலை செய்யேக்க உங்களை எங்க தொடக் கூடாது?" நீங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னீங்கள்: "முகத்துக்குக் கிட்டக் கை வரக் கூடாது. பங்கருக்க நான் முனக, ஆமிக்குக் கேக்குமெண்டு அம்மா என்ர வாயைப் பொத்தினவ. மூச்சு நிண்டு போச்சு. அவ கையை எடுக்கேல்லை."

நான் என்ன சொன்னன் தெரியுமோ? "எங்க தொட்டாலும் பிரச்சினை இல்லையாம்." அம்மாவை ஒரு டெனிஷ்காரிக்கு முன்னால காட்டிக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. என்ர வாய் புழுத்துப் போகட்டும்.

மருந்து எடுத்த அண்டைக்கு நீங்கள் முனகத் தொடங்க, கிர்ஸ்டன் பாவம், கண்ணீரைத் துடைக்கக் கன்னத்தில கை வைச்சவ. நீங்கள் கத்தின கத்தல் வெளியில இருந்த எனக்கும் கேட்டது. வீட்ட வரேக்க ஒரேயொரு கேள்வி கேட்டீங்கள்.

"நீ சொன்னனிதானே?"

"ஓம்" எண்டன்.

"சொல்லியும் தொட்டவையோ? அப்ப எனக்கு ஒரு இடமும் இல்லை."

அதுக்குப் பிறகு நீங்கள் அங்க போகேல்லை. மாசியில நெஞ்சு வலி வந்து, அதோட சரி. அந்த நினைப்போடயே போனீங்களோ அண்ணா?

போன கிழமை கிர்ஸ்டன் எடுத்தா. அந்த வேலையை விடப் போறாவாம். எங்க பிழை விட்டனெண்டு இப்பவும் விளங்கேல்லை எண்டு ஃபோனில அழுதா. "உங்களில பிழை இல்லை" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். அதிலயும் பாதிதான் சொன்னன், பாருங்கோ.

வியாழக்கிழமை ஓகூஸுக்குக் கிர்ஸ்டனிட்டப் போறன். உங்கட நாலு வசனத்தையும் ஒரு சொல்லும் குறையாமல் டெனிஷில எழுதி வைச்சிருக்கிறன். நேற்றுத் தமிழில அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ தன்ர வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு, "போய்ச் சொல்லு பிள்ளை" எண்டா.

இந்த முறை முழுசாச் சொல்லுவன் அண்ணா. அம்மாவின்ர கையையும் சொல்லுவன், என்ர வாயையும் சொல்லுவன்.

உங்களிட்டப் பொய்க்கு "ஓம்" எண்ட,
உங்கட ஒரே தங்கச்சி